டாக்டரம்மா நிழலில் நிறுத்திய கன்றுகள்

ஊர்ச் செய்தி எதுவானாலும் என் காதில் விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும் என்று பெருமை பேசித் திரிபவன் நான். இந்தச் செய்தி மட்டும் என்னைத் தாண்டிப் போய்விட்டது. ஒரகடத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறி, மடியில் பால் கேனோடு உட்கார்ந்திருந்த கன்னியம்மாவிடம் வழக்கம்போல வம்பு விசாரித்தேன்.

"இன்னா சார், உனுக்குத் தெரியாதா? நம்ம ரோசலின் டாக்டரம்மா பூட்டாங்க. நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க."

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரை அவரைப் பற்றி மட்டுமே விசாரித்தேன்; வேறு வம்பு எதுவும் கேட்கவில்லை. டிரைவரே சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பிள்ளைப்பாக்கத்தில் மாடு வைத்திருக்கும் யாருக்கும் கால்நடை டாக்டரம்மாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. என்னைத்தான் அறிமுகப்படுத்த வேண்டும். கம்பெனி கம்பெனியாகப் போய், மின் பெட்டிக்குள் எந்த ஒயர் சூடாகிறது என்று வெப்பக் கேமராவில் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. ஒருநாள் டீக்கடையில், டீ ஆறிப்போயிருப்பதை அந்தக் கேமராவில் கடைக்காரருக்கு நிரூபித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "கேமராக்காரரே, இதுல காய்ச்சல் தெரியுமா?"

மேல் சூடு மட்டும்தான் தெரியும் என்றேன்.

"அது போதும். கன்னுக்குட்டி இரும ஆரம்பிச்சப்புறம்தான் என்னைக் கூப்பிடுறாங்க. அப்ப நுரையீரல்ல சளி கட்டியிருக்கு. முன்னாடியே தெரிஞ்சா எனக்கு வேலை. தெரியலைன்னா குழி வெட்டுறவருக்கு வேலை."

அது மழைக்காலம். முந்தைய மழையில் கன்னியம்மாவின் கன்று அப்படித்தான் இருமிச் செத்திருந்தது. நிலம் கம்பெனிக்குப் போனபின் அவருக்கு மிஞ்சியது மாடுகள்தான். இந்தத் தடவை மூன்று கன்றுகள். மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாளில் டாக்டரம்மா என்னை அங்கே அழைத்துப் போனார். மாடு என்றால் எனக்குப் பயம். அதை அவரிடம் சொல்லவும் பயம்.

வெளியே மேய்ந்துகொண்டிருந்த கன்றுகளைப் பிடித்துவரச் சொல்லி, கேமராவைத் தூக்கினேன். சூட்டை வெள்ளையாகக் காட்டும் திரையில் மூன்றும் வெளேரென்று கொதித்தன. "மூணுக்கும் காய்ச்சல்," என்று கம்பெனியில் ரிப்போர்ட் கொடுக்கிற தோரணையில் அறிவித்தேன். கன்னியம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா கேமராவை வாங்கி என் பக்கம் திருப்பினார். என் வழுக்கை கன்றுகளைவிடப் பிரகாசமாக எரிந்தது. "அப்ப முதல் ஊசி உங்களுக்குத்தான். வெயில்ல நின்னதை வந்த வேகத்துல பார்த்தா எல்லாம் நோயாளிதான். நிழல்ல நிக்க விடுங்க. அப்புறம் தீர்ப்பு சொல்லலாம்."

நின்றோம். மோர் குடித்தோம். கொட்டகை நிழலில் கன்றுகளின் மேல் சூடு இறங்கியது. ஒரே மாதிரி கரண்ட் போகும் மூன்று ஒயரில் ஒன்று மட்டும் சூடானால் கோளாறு அதில்தான் என்பது எங்கள் தொழில் வழக்கம். அதைச் சொன்னேன். "நல்ல யோசனை, கட்டுங்க பக்கத்துல பக்கத்துல," என்றார். நடுக்கன்றின் முடி மூடாத கண்ணோரம் மட்டும் மற்ற இரண்டையும்விடப் பளிச்சென்று தெரிந்தது.

"அதுவா? அதுதாம்மா நல்லா துள்ளிகினு கீது," என்றார் கன்னியம்மா.

டாக்டரம்மா அதன் வாலைத் தூக்கித் தெர்மாமீட்டர் வைத்தார். காய்ச்சல். ஸ்டெதஸ்கோப் வைத்து மூச்சையும் கேட்டார். "படம் சந்தேகம்தான் சொல்லும். ஊர்ல எல்லாக் கன்னுக்கும் வாலைத் தூக்கிப் பார்க்க எனக்குக் கை ரெண்டுதானே. எந்தக் கன்னுக்கு முதல்ல தூக்கணும்னு இது சொல்லட்டும்." ஊசி போட்டு, அதை மட்டும் தனியே கட்டச் சொன்னார். மறுநாள் அது லேசாக இருமியது. அதற்குமேல் முற்றவில்லை.

பிறகு ஊரில் என் கேமராவுக்கு ஜோசியர் அந்தஸ்து வந்தது. மாடு சினையா என்று கேட்டார்கள். காணாமல் போன ஆட்டைக்கூடப் பார்க்கச் சொன்னார்கள். நானும் பதில் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். டாக்டரம்மாதான் விடவில்லை.

மழைக்காலம்தோறும் கூப்பிட்டார்; போனேன். மாட்டுப் பயம் இன்னும் போகவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நிழலில் நிற்கும் பழக்கம். யாரைப் பற்றியாவது சூடான சேதி கிடைத்தால், பரப்புவதற்கு முன் கொஞ்சம் ஆறவிடுகிறேன். என் தொழிலுக்கு நல்லது. வம்புக்குப் பெரிய நஷ்டம்.

ஸ்டேஷனில் இறங்கும்போது கன்னியம்மா கேனை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். "கெட்டியா புடி சார். அந்த நடுக்கன்னு வளந்து மாடாகி குடுத்த பாலு."

கேன் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.