இன்ஜினியரம்மாவின் தாடி

லிஃப்ட் மெக்கானிக் எத்தனையோ பேரைச் சிக்கிக்கொண்ட லிஃப்டிலிருந்து மீட்டிருக்கிறார். கதவு திறந்ததும் சிலர் அழுவார்கள், சிலர் திட்டுவார்கள், சிலர் கும்பிடுவார்கள். "கொஞ்சம் இருங்க, இன்னும் ரெண்டு வரிதான்" என்று சொன்னவர் ஒரே ஒருத்தர். மருந்துக் கடைக்காரர். மாத்திரை வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, தரையில் சம்மணம் போட்டு, அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டதற்கு, சனிக்கிரகத்துக்குப் போகிற கப்பல் நடுவழியில் நின்றுவிட்டது, உள்ளே இருப்பவர்களுக்கு இப்போதுதான் பசிக்க ஆரம்பித்திருக்கிறது என்றார். மெக்கானிக் அங்கேயே அவருக்கு 'ராக்கெட்' என்று பெயர் வைத்தார். மனசையும் அங்கேயே தொலைத்தார்.

கொஞ்ச நாளில் இருவரும் மருந்துக் கடைக்கு மேலே ஒரே வீட்டில் குடியேறினார்கள். பார்ப்பவர்களுக்கு அவர்கள் ஃபிரெண்ட்ஸ். ராக்கெட்டின் அக்காவுக்கு மெக்கானிக் 'கூட இருக்கிற தம்பி'. யாரும் தோண்டித் துருவிக் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

ஒருமுறை வேலையில் விழுந்து மெக்கானிக்கின் வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டு பிரிக்கும்வரை ராக்கெட்தான் அவருக்குச் சவரம் செய்துவிட்டார். மருந்தைத் துளித்துளியாக அளந்து பழகிய கை, ஒரு கீறல் விழாது. கட்டைப் பிரித்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. தினமும் காலையில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு மெக்கானிக் அண்ணாந்து உட்காருவார். ஒரே ஒரு சட்டம்: கத்தி முகத்தில் இருக்கும்வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. இப்படி வசமாக மாட்டிய ரசிகரை எந்த எழுத்தாளன் சும்மா விடுவான்? ராக்கெட்டின் அத்தனை கதைகளும் முதலில் அந்த நாற்காலியில்தான் அரங்கேறின. மெக்கானிக்குக் கொடுத்திருந்த உரிமை புருவம் மட்டும். ஒரு புருவம் ஏறினால் கதையில் வருகிற இயந்திரம் ஓடாது, இரண்டும் ஏறினால் கதையே ஓடாது. கண்ணை மூடிக்கொண்டார் என்றால் ராக்கெட் முகத்தைக்கூடத் துடைத்துவிடாமல் எழுத ஓடிவிடுவார். பாதி சவரத்தோடு வேலைக்குப் போன நாளெல்லாம் உண்டு.

அப்படிக் கண்ணை மூட வைத்த கதை ஒன்று. திரும்பி வர முடியாத தூரத்துக்குப் போகிற கப்பலில் ஒரு கேப்டன், ஒரு இன்ஜினியர், இரண்டு பேரும் ஆண்கள். கேப்டன் இன்ஜினியருக்குச் சவரம் செய்துவிடுவார். எடையில்லாத இடத்தில் வெட்டிய முடி மிதந்து போய்க் கருவிகளுக்குள் நுழைந்துவிடும் அல்லவா? அதனால் தாடைக்குக் கீழே ஈரத்துணியைப் பிடித்து ஒவ்வொரு முடியையும் ஏந்திக்கொள்வார். அந்தக் கதையில் மெக்கானிக் தன்னையே பார்த்தார்.

பத்திரிகை ஆசிரியருக்குக் கதை பிடித்துவிட்டது, ஒரு சின்னத் திருத்தம் தவிர. "ரெண்டு ஆம்பளைங்க இவ்வளவு பாசமா இருந்தா படிக்கிறவன் என்ன நினைப்பான்? இன்ஜினியரைப் பொண்ணா மாத்திடுங்க சார். அட்டைப்படத்துக்கும் ஆச்சு."

ராக்கெட் தவித்துப்போனார். மெக்கானிக்தான் தேற்றினார். "மாத்திடு. முதல்ல கதை வெளியில வரட்டும்."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இன்ஜினியரை இன்ஜினியரம்மா ஆக்கினார்கள். உடை மாறியது, குரல் மாறியது, நீளமாக ஒரு பின்னல் வந்தது. தன் கையாலேயே தன்னைக் கப்பலிலிருந்து இறக்கிவிடுவது மெக்கானிக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பத்திரிகை வந்தது. அதில் இன்ஜினியரம்மா காலையில் எழுந்து பின்னலைப் போட்டுக்கொண்டு, தாடையைத் தூக்கிச் சவரத்துக்கு உட்கார்ந்தார்! இரண்டு பேர் திரும்பத் திரும்பப் படித்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. எப்படிப் படும்? பல் தேய்ப்பது மாதிரி அந்த வீட்டில் தினமும் நடப்பது அது.

ஆசிரியர் போனில் கத்தினார். "என் மானம் கப்பலேறிப்போச்சு! பொம்பளைக்கு எதுக்கு சார் சவரம்?"

ராக்கெட் அசரவே இல்லை. இன்ஜின் அறையின் கதிர்வீச்சில் நீண்ட நாள் வேலை பார்த்தால் யாருக்கும் தாடி முளைக்கும் என்று அடுத்த இதழில் ஒரே போடாகப் போட்டார். வாசகர்கள் சொக்கிப்போனார்கள். தாடிக்காரி இன்னும் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, அது தொடராகி, புத்தகங்களாகி, பரிசுகளும் வாங்கியது. இருமல் மருந்து வாங்குகிற சாக்கில் கடைக்கு வந்து ராக்கெட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். மெக்கானிக் பழுது பார்க்கப் போகிற கட்டடங்களில் யாராவது தாடிக்காரியைப் படித்துக்கொண்டிருப்பார்கள். அவருக்கு நெஞ்சு விம்மும். "நம்ம ஆளு எழுதினது" என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவார். தலை நரைக்கும்வரை விழுங்கிக்கொண்டேதான் இருந்தார்.

கதைகளையெல்லாம் ஒரே தொகுப்பாகப் போட ஒரு பதிப்பாளர் முன்வந்தார். அடுத்த நாள் காலை, நுரையைத் தடவிக் கத்தியை வைத்த பிறகு ராக்கெட் மெதுவாக ஆரம்பித்தார். "முதல் கதையைப் பழையபடியே போடப்போறேன். இன்ஜினியர் ஆம்பளைதான். அது யாரு, எனக்கு என்ன உறவுன்னு முன்னுரையில எழுதப்போறேன். வேண்டாம்னா தலையை ஆட்டு, விட்டுடறேன்."

கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு தலையை ஆட்டச் சொன்னால் யாரால் ஆட்ட முடியும்? மெக்கானிக்குக் கோபம்கூட வந்தது. பயமும் வந்தது. எத்தனை வீடுகள் நம்பிக் கதவு திறக்கின்றன, நாளைக்குத் திறக்குமா? அக்கா என்ன சொல்லுவார்? மெக்கானிக் ராக்கெட்டின் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியை விலக்கினார். நுரை வழிய, சட்டத்தை மீறி முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"எழுது. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா இறங்கினவன் இறங்கினவனாவே செத்துப்போகக் கூடாதுய்யா. என்னைக் கப்பல்ல ஏத்திக்கோ."

அக்காவிடம் ராக்கெட்டே போனில் சொன்னார். கேட்டு முடித்ததும் மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அக்கா போனை எடுக்கவே இல்லை. அழைப்பிதழைத் தபாலில் அனுப்பிவைத்தார்கள்.

வெளியீட்டு நாளன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. மெக்கானிக் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு அக்காவுக்கு இடம் பிடித்தபடி. கூட்டம் ஆரம்பித்த பிறகுதான் அக்கா வந்தார். கைக்குட்டையை எடுத்து மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராக்கெட் அந்தச் சவரக் காட்சியைப் படித்தார். தாடிக்காரியை எதிர்பார்த்து முதலில் சிலர் சிரித்தார்கள். இன்ஜினியர் ஆண் என்று புரிந்ததும் சிரிப்பு அடங்கியது. ஈரத்துணியில் முடியை ஏந்துகிற இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

வழுக்கைத் தலை வாசகர் ஒருவர் எழுந்தார். "ஆரம்பத்துலேர்ந்து படிக்கிறேன் சார். அப்போ அந்தத் தாடி நிஜமா?"

"நிஜந்தான்" என்றார் ராக்கெட். "அந்தத் தாடிக்குச் சொந்தக்காரர் இங்கதான் இருக்கார். என் வாழ்க்கைத் துணை. இன்னிக்கும் நான்தான் சவரம் பண்ணிக் கூட்டிட்டு வந்தேன்."

எல்லார் தலையும் திரும்பியது. மெக்கானிக் எழாமல் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். அப்போது அக்கா அவர் முழங்கையின் கீழ் கை கொடுத்தார்.

"எழுந்திரிங்க மாப்பிள்ளை" என்றார் அக்கா. "எல்லாரும் நல்லாப் பார்க்கட்டும்."

மெக்கானிக் எழுந்து நின்றார்.