தவிட்டில் வேர்த்த பந்து

போன வாரம் அக்கா மகன் குமார் என்னைப் பவுலிங் கூடத்துக்குக் கூட்டிப்போனான், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற விளையாட்டு. தர்பூசணி கனத்தில் ஒரு பந்து. தரையில் தடவிய எண்ணெயைப் பந்து குடித்துவிடுமாம். அதற்கென்று அங்கே இருக்கும் பெட்டிக்குள் இளஞ்சூட்டில் வைத்தால் கக்கிவிடுமாம். "சூடு கூடினா பந்து கீறல் விட்டுரும் மாமா" என்றான். அந்த எண்ணெய் வாசத்துக்கே எனக்கு இன்னொரு பந்து ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். மில் ஆபீசில் நான் தற்காலிகம். கிரிக்கெட்டில் வேகமாகப் பந்து வீசுவேன் என்றுதான் வேலையே கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு மெட்ராசிலிருந்து வந்த புதுப் பந்தை வெள்ளிக்கிழமையே மேனேஜர் என் கையில் கொடுத்தார். "பத்திரமாக் கொண்டாய்யா. அன்னைக்கே உன் பெர்மனென்ட் விஷயம் பேசுவோம்."

அதே ஊரில் அக்கா வீட்டில் ஜாகை. அக்கா புருஷனுக்கோ, யாருக்காவது உதவி செய்யாமல் கை நிற்காது. சனிக்கிழமை விடிந்து பார்த்தால் லின்சீடு என்கிற ஆளிவிதை எண்ணெய்க் கிண்ணத்துக்குள் பந்து, சிவந்த கண் மாதிரி மிதக்கிறது.

"பேட்டுக்குத் தடவுனேன் மாப்ள. மிச்சம் கெடந்துச்சு. பந்து மட்டும் என்ன பாவம் செஞ்சது?"

"மச்சான், என் வேலையே போச்சு!"

"இதுக்கா இம்புட்டு? வாணல்ல போட்டு ஒரு பெரட்டு..."

முந்தின மழையில் நனைந்த என் தோல் செருப்பை அவர் அடுப்போரம் வைத்து, அது அப்பளமாய்ச் சுருண்டது ஞாபகம் வந்தது. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"தவிட்ட வறுடா, பந்த இல்ல. எண்ணெய அது இழுத்துரும்" என்றாள் அக்கா. "எறக்கி வச்சு முழங்கையால தொட்டுப் பாரு. பிள்ளைக்கு ஊத்துற தண்ணிச் சூடு போதும்."

அப்படியே செய்தேன். வெதுவெதுப்பான தவிட்டுக்குள் பந்தைப் புதைப்பேன், தோல் வேர்க்கும், துடைப்பேன், தவிட்டை மாற்றுவேன். ஒவ்வொரு தடவையும் தையல் விட்டிருக்குமோ என்று நகத்தால் தடவிப் பார்ப்பேன். பகல் முழுக்க இதே பாடு.

சாயங்காலம் கருகல் வாசம். எண்ணெய் குடித்த தவிட்டையெல்லாம் மச்சான் ஒழுங்காகச் சாக்கில் அமுக்கி, பிள்ளை தூங்கிய தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். தீக்குச்சி கிழிக்காமலே சாக்கு புகைந்துகொண்டிருந்தது. அந்த எண்ணெய் ஊறிய தவிட்டை அமுக்கி வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றும் என்று பிறகுதான் தெரிந்தது. அக்கா பிள்ளையை அள்ளினாள். நான் சாக்கை முற்றத்துக்கு இழுத்துத் தண்ணீரை ஊற்றினேன். "வேலை போனாப் போகுதுடா" என்று அக்கா பிள்ளையின் உடம்பைத் தடவிப் பார்த்தாள். மச்சான் அடுத்த குடம் தண்ணீரோடு ஓடிவந்தார்.

ஞாயிறு. மேனேஜர் பந்தை அழுத்தினார், முகர்ந்தார். "என்னய்யா, புண்ணாக்கு வாசம் அடிக்குது?"

எல்லைக்கோட்டிலிருந்து மச்சான் கத்தினார்: "புதுத் தோலு அப்படித்தான் சார் மணக்கும்!"

மேனேஜர் சிரித்துவிட்டு என்னிடம் எறிந்தார். மறுமாதம் பெர்மனென்ட் ஆனேன்.

அந்த மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். மச்சானும் போய்விட்டார், எங்கள் வீட்டில் யாரும் எதையும் ஊறப்போடுவதில்லை. போன வாரம் பவுலிங் கூடத்தில் அந்தப் பெட்டிக் கதவில் முழங்கையை வைத்துப் பார்த்தேன்.

"சூடு எம்புட்டுன்னு நம்பர் காட்டும் மாமா" என்று சிரித்தான், அன்றைக்குத் தொட்டிலில் கிடந்தவன்.