ஒரு முழம் மல்லியும் ஒரு டப்பா பாலும்

என் பால் வத்திப்போனதுக்குக் காரணம் ஒரு முழம் மல்லிகைப்பூ. நான் சொல்லலைங்க, செம்பாக்கத்துல எங்க தெருவே சொல்லுச்சு.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பிள்ளை பெத்தவளைப் பார்த்துக்க எங்கம்மாவை மாதிரி யாராலயும் முடியாதுன்னு தெருவுல அவங்களுக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைக் காப்பாத்த நான் தின்ன பூண்டு எவ்வளவுன்னு எனக்கும் அந்தப் பூண்டுக்கும்தான் தெரியும். கோவளம் பக்கத்துலேர்ந்து வர்ற மீன்காரம்மா, "இன்னா கண்ணு, பால் ஊறுதா? இந்தா, பால் சுறா எட்தாந்துகீறேன்"னு வாசல்லயே கூடையை இறக்கிடுவாங்க. தினம் சுறாப் புட்டு. முகம் சுளிக்காம சாப்பிட்டேன். பால் மட்டும் ஊறலை.

என் பொண்ணு உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துட்டு, வாயை எடுத்து வீல்னு கத்துவா. "நீ சரியாப் புடிக்கலடி"ன்னுவாங்க அம்மா. பக்கத்து வீட்டு அக்கா, "பூண்டு பத்தலை"ன்னுவாங்க. மேல் போர்ஷன்ல வாடகைக்கு இருந்தவங்க, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எங்க பொறுமை?"ன்னுவாங்க. மார் என்னுது, பசி அவளுது, பேச்சு மட்டும் ஊருக்கு!

தாம்பரத்துல குழந்தை டாக்டர்கிட்ட போனோம். எடை போட்டுப் பார்த்துட்டு, "ஏறவே இல்லையேம்மா, டயப்பர் நனையுதா?"ன்னாரு. நனையலை. வெயில் காலம், அதான்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். "பிரசவத்துல ரத்தம் நிறையப் போனா சிலருக்குப் பால் குறையும். குழந்தைக்குப் பசி, அவ்வளவுதான். பவுடர் பால் ஆரம்பிங்க." பக்கத்துல நின்ன அம்மா காதுலயும்தான் அது விழுந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, வழியில வாங்கின பவுடர் பால் டப்பாவை அரிசி டிரம்முக்குப் பின்னால ஒளிச்சு வெச்சாங்க. யாராவது வந்துட்டா, "உள்ள போய்ப் பால் குடுடி"ன்னு என்னை ரூமுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்துவாங்க. அங்க உட்கார்ந்து திருடி மாதிரி என் பிள்ளைக்கு பாட்டில் குடுப்பேன். பசிச்ச குழந்தைக்குப் பால் குடுக்கிறதுல என்ன திருட்டு இருக்கு?

ரெண்டும் குடுத்துத்தான் பார்த்தேன். பாட்டில் ருசி கண்டவ, மாரைக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கிட்டா. ஒரு மத்தியானம், கரண்ட் வேற இல்லை, ரெண்டு பேரும் வேர்த்து ஒழுகி, ரெண்டு பேரும் அழுது தீர்த்தோம். போதும்டி கண்ணு, உன்னையும் வதைக்க வேணாம், என்னையும் வதைக்க வேணாம்னு நிறுத்திட்டேன். துக்கமாத்தான் இருந்துச்சு. பாட்டிலைக் குடிச்சு முடிச்சு, வயிறு நிறைஞ்சு, வாயோரம் பால் வழியத் தூங்கினா பாருங்க, அப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு.

டப்பா எத்தனை நாள் ஒளிஞ்சிருக்கும்? முதல்ல மீன்காரம்மா கண்ணுல பட்டுச்சு, அப்புறம் தெரு முழுக்க. "என்னக்கா, நீங்க பார்த்துமா பால் வத்திடுச்சு?"ன்னு கேட்டாங்க. அம்மாவுக்கு அங்கதான் சுட்டுது. "நான் என்ன பண்றது? தொட்டில் போட்ட அன்னைக்கு, வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல மல்லிப்பூ வெச்சுக்கிட்டா. வத்தாம என்ன செய்யும்?"

அடேங்கப்பா! பாலை நிறுத்தணும்னா மாருல மல்லிப்பூ வெச்சுக் கட்டுறது எங்க பக்கம் வழக்கம்தான். தலையில வெச்சா வத்திடும்னு யார் சொன்னது? சரி, அதுகூடப் போகட்டும். அன்னைக்கு அந்தப் பூவை என் தலையில வெச்சதே அவங்கதான்! "சம்பந்தி வர்ற நேரத்துல வெறுந்தலையோட நிக்காதடி, போட்டோ எடுப்பாங்க"ன்னு இழுத்து உட்கார வெச்சு, ஹேர்பின்னைப் பல்லால பிரிச்சுக் குத்திவிட்டாங்க. தனியா இருக்கும்போது கேட்டேன், "ஏம்மா, நீதானே வெச்சே?" "நானா? ஞாபகமில்லையே"ன்னு புளி கரைக்கப் போயிட்டாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். எங்கம்மா அதை என் தலையிலயே போட்டு உடைச்சாங்க.

என்னைக் கூட்டிட்டுப் போக இரும்புலியூர்லேர்ந்து என் வீட்டுக்காரரும் மாமியாரும் வந்தாங்க. ஹால் நிறைய அக்கம்பக்கத்து ஜனம். "பாலை நிறுத்திட்டியாமே?"ன்னு மாமியார் தயங்கித்தான் கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அம்மா முந்திக்கிட்டாங்க. "சொன்ன பேச்சைக் கேட்டாத்தானே சம்பந்தி! பூ வெச்சுக்கிட்டா." சொல்லிட்டு, கையில இருந்த மல்லிச் சரத்தையும் ஹேர்பின்னையும் என்கிட்ட நீட்டினாங்க. "இந்தா, இன்னைக்குத் தாராளமா வெச்சுக்கோ. இனிமே வத்துறதுக்கு என்ன இருக்கு?" யாரோ சிரிச்சாங்க.

சுர்ருனு ஏறிடுச்சு எனக்கு. ஆனா கத்தலை. அரிசி டிரம்முக்குப் பின்னாலேர்ந்து டப்பாவை எடுத்துட்டு வந்து நடு ஹால்ல வெச்சேன். ஆற வெச்ச வெந்நீர்ல, எல்லார் கண் முன்னாடியும் பாலைக் கலக்கினேன். பொண்ணை மடியில போட்டு பாட்டிலை வாயில வெச்சதும் மடக் மடக்குன்னு குடிக்க ஆரம்பிச்சா. அப்புறம் அம்மா பக்கமா முதுகைத் திருப்பித் தலையைக் குனிஞ்சேன்.

"எனக்குக் கை ஒழியலைம்மா. தொட்டில் போட்ட அன்னைக்கு வெச்சு விட்டியே, அதே மாதிரி நீயே வெச்சு விடு."

சிரிச்சவங்க நிறுத்திட்டாங்க. என் முதுகுக்குப் பின்னால ஹேர்பின் கீழ விழுந்துச்சு. மாமியார்தான் எழுந்து வந்து, குனிஞ்சு அதை எடுத்து அம்மா கையில குடுத்தாங்க.

"வெச்சு விடுங்க சம்பந்தி"ன்னாங்க.