மடங்கியிருந்த கை

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் கூரை வீடு தீப்பிடித்தபோது நான் கரும்பு வெட்டப் போயிருந்தேன். என் மனைவி செல்வி உள்ளே ஓடி, எங்கள் இரண்டு வயது மகளை இடது கையில் அணைத்துத் தூக்கி வந்தாள். குழந்தை பிழைக்கவில்லை. செல்வியின் காயம் ஆறியது. ஆனால் வெந்த தோல் இறுகி, முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது.

கையை நீட்டவைக்கும் ஆபரேஷனுக்கு நான் கூப்பிட்டபோதெல்லாம், "இருந்துட்டுப் போவட்டும்" என்பாள். வலிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். கெஞ்சிக் கூத்தாடித்தான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். இறுகிய தழும்பை அறுத்துவிட்டு, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள்.

சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்த டாக்டர், "மெதுவா நீட்டும்மா" என்றார். கை நீண்டது.

"பாத்தியா செல்வி, இன்னா அழகா நீளுது!" என்றேன் சந்தோஷத்தில்.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "பாப்பாவ தூக்கினு ஓடியாந்த கை இது. இவ்ளோ நாளும் அவள வச்சினு இருக்கிற மாதிரியே இருந்துச்சு. இப்பதான் கீழ எறக்கி வுட்டுட்டேன்."

நான் அவள் தோளில் முகம் புதைத்து அழுதேன்.

இப்போது அந்தக் கையால் களை எடுக்கிறாள், தண்ணீர் தூக்குகிறாள். "கை சரியாயிடுச்சா?" என்று கேட்பவர்களிடம், "ஆயிடுச்சு" என்கிறேன்.