முப்பத்தொன்றாவது சந்தகை அச்சு

அண்ணன் மறைந்து இந்த ஆவணியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரிலாவது அவர் செய்த தொழிலைச் சரியாக எழுதிவைக்க வேண்டும் என்று தம்பியாகிய எனக்குத் தோன்றியது. அவருடைய கல்யாணப் பத்திரிகையில் ‘மெக்கானிக்’ என்று அச்சாகியிருக்கிறது. அது சரியல்ல. வீட்டுச் சாமான்கள் எந்த வடிவத்தில் இருந்தால் புழங்குகிறவர்களின் கை நோகாது என்று யோசித்து, வரைந்து, மரத்தில் மாதிரி செய்து, இரும்பில் வார்ப்பதே அவர் தொழில். திருப்பூர் காதர்பேட்டைக் கடைவீதியில் ‘டிசைன்’ என்றால் பனியன் பெட்டிமேல் போடும் படம். ஆகவே அவர் வேலைக்கு எங்கள் ஊரில் பெயர் இல்லை.

பல்லடத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் பிறந்தார். தேதி தெரியவில்லை, கிணறு வற்றியதற்கு மறுவருடத் தை மாதம் என்று அம்மா சொல்வார். அப்பா காலமானபோது அண்ணனுக்கு வயது பதினான்கு, எனக்கு ஐந்து. திருப்பூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் சேர்ந்து, பனியன் மிஷின் பாகங்களுக்கு மர மாதிரி செய்யக் கற்றுக்கொண்டார். என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். ஐம்பதுகளின் கடைசியில் அந்த வேலையை விட்டு, வீட்டுச் சாமான்களுக்கென்று சொந்தப் பட்டறை போட்டார். உறவினர் பலர் அப்போது வருத்தப்பட்டார்கள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்டுக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்து, பெண்கள் உட்காரும் உயரத்தை ஒரு குச்சியால் அளந்துகொள்வார். “என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கே எங்கூட்டு ஆட்டுக்கல்லத்தானுங்க பாத்துட்டிருந்தாரு” என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார்.

வேகவைத்த அரிசி மாவை நூல் நூலாகப் பிழிகிற சந்தகை அச்சுக்கு, ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றொருவர் திருக வேண்டியிருந்தது. ஒரே ஆள் உட்கார்ந்தபடி திருகும்படி மூன்று கால்களோடு ஓர் அச்சை அண்ணன் வடிவமைத்தார். சோபகிருது வருடம் (1963) ஆடிக்குள் முப்பத்தொன்று வார்த்து முடித்தார். நான் பெயர் வெட்டும் வேலை பார்த்த பாத்திரக் கடையில், ஆவணி முகூர்த்தங்களில் அத்தனையும் கல்யாணச் சீருக்குப் போயின. ஒவ்வொன்றிலும் மணப்பெண்ணின் பெயரை வெட்டி, பெயர், ஊர், தேதி மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்வது என் வேலை.

புரட்டாசியில் சாமளாபுரத்திலிருந்து ஆள் வந்தது. ஒரு புது மருமகள் சந்தகை பிழியும்போது அச்சு வழுக்கிச் சாய்ந்து, அவளுடைய வலது பாதம் நசுங்கிவிட்டது. அண்ணனும் நானும் உடனே பஸ் ஏறினோம். அந்தப் பெண் காலில் கட்டோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மாமியார் எங்களிடம் மனத்தாங்கலே காட்டவில்லை.

“உங்களச் சொல்லி என்னங்க பண்றது? இவளுக்குக் கையில நெதானமில்லீங்க. எங்கூட்டுல ஒருத்தரு காலும் இப்பிடி ஆனதில்லை. பொறந்த ஊட்டுலயே கொண்டு போயி விட்டுட்டு வந்தரலாமுன்னு இருக்கறோம்.”

அண்ணன் குனிந்து தரையைத் தடவினார். தறியில் வந்த வரும்படியில் புதிதாகப் போட்ட, கண்ணாடி போன்ற காவிச் சிமெண்ட் தரை. அவர் அச்சைச் சோதித்ததெல்லாம் எங்கள் வீட்டுச் சாணி மெழுகிய தரையில். அதில் கால்கள் அழுந்தி நிற்கும்.

“புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்கம்மா. தரையப் பாக்காம நாந்தான் அச்சுக்குக் காலு வெச்சுப்போட்டேன். இதுல ஆரு புழிஞ்சாலும் சாயுமுங்க.”

“அப்ப தரைய ஒடச்சுட்டு மறுக்காச் சாணி மொழுகச் சொல்றீங்களா?” என்றார் மாமனார்.

அண்ணன் அச்சில் மாவை நிரப்பித் தரச் சொல்லி, அவர்கள் எல்லோர் முன்னிலையிலும் தானே உட்கார்ந்து திருகினார். மூன்றாவது சுற்றில் அது சாய்ந்தது. மாமியார் சாய்ந்த அச்சைத் தானே நிமிர்த்தி வைத்தார். பிறகு, கீழே பனியன் துணி மடித்துப் போட்டால் நிற்குமே என்றார்.

“துணி போட்டாத்தான் நிக்குமுன்னா அது நாஞ் செஞ்ச வேலை இல்லீங்க.”

அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. சென்ற ஆண்டு அண்ணனின் காரியத்துக்கு இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார்.

ஊர் திரும்பியதும் அண்ணன் என் நோட்டை வாங்கிக்கொண்டார். பக்கம் பக்கமாகப் பார்த்து, ஊர் ஊராகப் போய், விற்ற அச்சுகளைத் திரும்ப வாங்கி, ஒவ்வொரு காலுக்கும் தட்டையான பாதமும் அடியில் ரப்பரும் பொருத்தித் திருப்பிக் கொடுத்தார். தைக்குள் முப்பது முடிந்தன. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. கடையில் கூட்டமாக இருந்த ஒரு நாளில், ‘செல்லாத்தாள்’ என்ற பெயருக்கு நேரே ஊரை எழுதாமல் விட்டது நான். எதையும் ஊர், தேதியோடு எழுதும் என் பழக்கத்தைக் கேலி செய்பவர்கள் அறியட்டும், அது இந்தத் தவறுக்குப் பிறகு வந்தது.

அண்ணன் என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்து சொன்னதில்லை. பின்னர் அவர் வடிவமைத்த அடுப்பும் தேங்காய்த் துருவியும் நன்றாகவே போயின. ஆனால் ஒவ்வொரு ஆவணியிலும் என்னிடம் அதைக் கேட்பார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்திலும் கேட்டார்.

“அந்த ஊரு ஞாபகத்துக்கு வந்துச்சா தம்பி?”

“இல்லீங்கண்ணா.”

நோயின்போது உடனிருந்த உறவினர்களுக்கும், திரும்பி வந்த அச்சுகளை வைக்கத் தம் கிடங்கையே ஒழித்துத் தந்த காதர்பேட்டை பாய்க்கும், மன்னித்த சாமளாபுரத்துக் குடும்பத்துக்கும் எங்கள் வணக்கம். இன்னும் ஓர் உதவியை உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த வீட்டில், கைப்பிடிக்குக் கீழே ‘செல்லாத்தாள்’ என்று வெட்டிய முக்காலிச் சந்தகை அச்சு இருந்தால், சிமெண்ட் தரையில் வைத்துப் பிழிய வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு கார்டு போடுங்கள். அதற்கான மூன்று பாதங்களையும் அண்ணன் அன்றே வார்த்து வைத்துவிட்டார். துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறோம். நாங்களே வந்து மாட்டித் தருகிறோம்.