ஷூவுக்குள் திணித்த விமர்சனம்

பிரிட்டிஷ் நாவல்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலை. எம்.ஏ. ஆங்கிலம், தபாலில் படித்தது. ஆர்டர் கொடுக்க வரும் லண்டன் பையர்கள் கெஸ்ட் ஹவுஸில் விட்டுப்போகும் நாவல்களை வாட்ச்மேன் எனக்குக் கொடுப்பார்.

கடைசியாக மூன்று எடுத்தேன். ஒன்றில் பணக்காரக் குடும்பம் முந்நூறு பக்கம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே இருக்கிறது. எரிச்சல். இரண்டாவது கொலைக்கதை. கொன்றது யாரென்று நாற்பதாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த மண்டு போலீஸ்காரருக்குத்தான் தெரியவில்லை. மூன்றாவதுதான் மனசைப் பிடித்தது. மனைவியை இழந்த கிழவர், கடலோர வீட்டை விற்பதா வேண்டாமா என்று தவிக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசை அக்காவுக்கு அதைத் தினமும் கொஞ்சம் சொல்வேன். அக்காவுக்குப் புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. "கெழவரு இன்னிக்கி இன்னா பண்ணாரு?" என்று அவரே ஆரம்பிப்பார்.

மூன்றிலும் ஆட்கள் மழையில், சேற்றில் நடந்துகொண்டே இருக்கிறார்கள். காலில் கிடப்பதை யார் செய்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு ஆத்திரம். அக்கா பர்மிஷன் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவர் மேசை வேலையை நான் பார்த்தேன். ஷூ முனையில் திணிக்கும் மெல்லிய தாளில் ஆங்கிலத்தில் எழுதினேன்: "உங்கள் நாவல்களில் எல்லோரும் நடக்கிறார்கள். ஷூ தைத்தவர் ஒருவர்கூட இல்லை." கசக்கித் திணித்தேன். பேக் செய்தவரின் நம்பர் சீட்டைப் பெட்டிக்குள் போட வேண்டும். மேசையில் அக்காவின் சீட்டுக்கட்டுதான் இருந்தது. கைப்பழக்கத்தில் அதையே போட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் லண்டனிலிருந்து புகார் வந்தது, அந்தத் தாளோடு. மேனேஜர் அந்தத் தாளை அக்கா முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"யார் எழுதினது?"

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "தெரியாது சார்."

"நம்பர் உன்னுதுதானே?"

"என்னுதுதான் சார்."

அப்பாவின் டயாலிசிஸ் என் சம்பளத்தில் நடக்கிறது. அதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். சீ, என்ன ஜென்மம் நான்!

அன்றே அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கேட்டருகே டிபன் டப்பாவோடு நின்றார். "நீ பேஜாராவாத. கெழவரு வூட்ட வித்தாரா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"இன்னும் முடிக்கலக்கா."

அந்த வாரமே முடித்தேன். கிழவர் வீட்டை விற்கவில்லை. அக்கா வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். ஆறு மாதமாகிறது, இன்னும் போய்ச் சொல்லவில்லை.