மிச்ச மாத்திரை டப்பா

டில்லி ஜனக்புரியில் எங்கள் வீட்டு வரிசையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். டாக்டரிடம் போவது அதற்குப் பிறகுதான். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியின் லேபில் கண்ணாடி கழுவும் வேலை எனக்கு. வெள்ளைக் கோட்டுக்காரர்களோடு ஒரே கூரையின் கீழ் நிற்கிறவள் பாதி டாக்டராகத்தான் இருப்பாள் என்று எங்கள் வரிசைப் பெண்கள் நினைத்தார்கள். நானும் மறுத்துச் சொன்னதில்லை.

அதோடு டப்பாவும் என்னிடம்தான் இருந்தது. பழைய பிஸ்கட் டப்பா, மூடியில் ரோஜாப்பூப் படம் போட்டது. எங்கள் வரிசையில் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள். டிஸ்பென்சரியில் பத்து நாளைக்கு மருந்து கொடுப்பார்கள். மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும். மிச்சத்தை எறிய யாருக்கு மனசு வரும்? என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அடுத்த வீட்டில் யாராவது படுத்தால் நான் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். அவர்களும் எழுந்து உட்கார்ந்ததும் மிச்சம் திரும்ப என் டப்பாவுக்கு வந்து சேரும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, நிறம் தெரியாதா? கறுப்பும் சிவப்பும் தொண்டைக்கு. மஞ்சள் வயிற்றுப்போக்குக்கு. வெள்ளை உடம்பும் சாம்பல் தொப்பியும் விடாத காய்ச்சலுக்கு. பெரிய வெள்ளை மாத்திரை மூத்திரக் கடுப்புக்கு. இத்தனை வருஷமும் ஒரு பொருளை வீணாக்காமல் வைத்திருந்ததில் எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமை இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

லேபில் என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் ரத்தத்தில், சீழில் இருக்கும் கிருமியை ஒரு கண்ணாடி பிளேட்டில் வளர்ப்பார்கள். பிளேட்டில் பாகு மாதிரி ஒன்று உறைந்திருக்கும். அதன் மேல் கிருமியைத் தடவி, பொட்டு அளவுக் காகிதத் துண்டுகளை வைப்பார்கள். ஒவ்வொரு பொட்டிலும் ஒரு மருந்து. மறுநாள் பார்த்தால் பிளேட் முழுக்கக் கிருமி ஆடை கட்டியிருக்கும். கேட்கிற மருந்தைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காமல் சுத்தமாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். கேட்காத மருந்தென்றால் பொட்டின் ஓரம் வரை கிருமி ஏறியிருக்கும். அவர்கள் எழுதிக்கொண்டதும் பிளேட்டையெல்லாம் பெரிய குக்கர் மாதிரி இருக்கும் மெஷினில் வேகவைத்துக் கிருமியைக் கொன்று, பிறகு நான் கழுவ வேண்டும். வேகவைக்கப் போகும் வழியில் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். எழுத்து எனக்கு வராது, வட்டம் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வட்டங்கள் பெரிதாக இருந்தன. வருஷம் போகப் போகச் சிறுத்தன. சில பொட்டுகளைச் சுற்றி வட்டமே இல்லை. அதற்கும் என் டப்பாவுக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்போதுதான் என் ஓரகத்தி வந்து சேர்ந்தாள். என் கொழுந்தனுக்கு டில்லிக்கு மாற்றல் ஆகி, எங்கள் தலைக்கு மேல் மாடி வீட்டையே வாடகைக்கு எடுத்தார்கள். அவள் பத்தாவது பாஸ். வந்த இரண்டு மாதத்தில் பஸ் போர்டை ஹிந்தியில் படித்தாள். காய்கறி விற்கும் சப்ஜிக்காரனைச் சீக்கிரம் போடச் சொல்லி "பையா, ஜல்தி கரோ" என்று அதட்டினாள். நான் பன்னிரண்டு வருஷமாக பஸ் நிறத்தையும் கண்டக்டர் முகத்தையும் பார்த்து ஏறுகிறவள். கோபம் வந்தது. அவளுக்குக் குழந்தை இல்லை. எனக்கு ஒரே மகள், அப்போது பதினாலு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே "மா, சித்திகிட்ட ஹோம்வொர்க் காட்டிட்டு வரேன்" என்று மாடிப்படி ஏறிவிடுவாள். மேலேயிருந்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்கும். நான் கீழே சப்பாத்தி மாவைத் தேவைக்கு மேல் அடித்துப் பிசைந்துகொண்டிருப்பேன்.

ஒருநாள் கீழே வந்தவள் என் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"ஏக்கா, இந்த மாத்திர தேதி போன வருசமே முடிஞ்சிருச்சே."

"மாத்திரைக்கு என்ன புள்ள, அது பாலா திரிஞ்சு போக?"

"இல்லக்கா, அட்டையிலயே போட்டிருக்கு. பத்து நாளும் முழுசா சாப்பிடணும்னு டிஸ்பென்சரி சீட்டுலயும் எழுதியிருக்கு."

"எழுதறவனுக்கு என்ன, எழுதிட்டுப் போவான். காச்சல் விட்டப்புறம் எதுக்கு மருந்து? வயித்துல போட்டு ஊறவெக்கவா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்தச் சிரிப்புத்தான் என்னைத் தின்றது. அதற்கடுத்த வாரம் மூன்றாம் வீட்டுப் பெண் என்னிடம் மாத்திரை வாங்கிக்கொண்டு, "உங்க ஓரகத்தி படிச்சவங்க இல்ல, அவங்ககிட்டயும் ஒருதரம் காட்டிக்கறேங்க" என்று மாடிப்படியைப் பார்த்தாள். எனக்குக் கையில் இருந்த டப்பா திடீரென்று கனத்தது.

மகளுக்குக் காய்ச்சல் வந்தது ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில். தலைவலி, நாக்கில் மாவு பூசியது போல் வெள்ளை, சாயங்காலமானால் உடம்பு கொதிக்கும். நான் பார்க்காத காய்ச்சலா? வெள்ளையும் சாம்பலும் கொடுத்தேன். நான்காம் நாள் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. நிறுத்தி மிச்சத்தை டப்பாவில் போட்டேன். இரண்டு நாளில் திரும்பியது. கறுப்பும் சிவப்பும் கொடுத்தேன். அதுவும் சரிப்படாமல் பெரிய வெள்ளை மாத்திரைக்குப் போனேன். மூன்று வாரம் ஆகியிருக்கும். பிள்ளையின் கண் குழிந்துவிட்டது.

"மா, சித்தியக் கூப்பிடேன்" என்றாள்.

"சித்தி வெளிய போயிருக்கா" என்றேன். மேலே அவள் பாத்திரம் கழுவும் சத்தம் எங்கள் இரண்டு பேருக்குமே கேட்டது. மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஓரகத்தி கதவைத் தட்டியபோதெல்லாம் பிள்ளை தூங்குகிறாள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவள் ஒருமுறை வந்து நெற்றியில் கை வைத்தால், காய்ச்சல் இறங்கினாலும் அவள் பேரில்தான் இறங்கும். அதை என்னால் பொறுக்க முடியாது. அன்றைக்கு என் மனசு இருந்த நிலை அது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்தேன். பதினோரு மணி இருக்கும். ஆயா ஒருத்தி ஓடிவந்து, கீழே காய்ச்சல் வார்டில் என் மகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்றாள். ஓடினேன். கட்டிலில் என் மகள். அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஓரகத்தி. பிள்ளை மயங்கிக் கிடந்ததைப் பார்த்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நர்ஸ் அவளைப் பார்த்து, "நீங்கதானே அம்மா?" என்று ஹிந்தியில் கேட்டாள். என் ஆஸ்பத்திரியில், என் கண் முன்னால்!

"நான் அம்மா" என்றேன். ஈரக் கையும் ரப்பர் செருப்புமாக நின்றேன்.

வார்டு டாக்டர் கேட்டார்: "இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள்?"

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். டப்பாவின் பெயரை எடுத்தால் இவள் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

"ஒண்ணும் கொடுக்கலை" என்றேன்.

ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். மருந்து எதுவுமே கொடுக்கவில்லை என்று நம்பி, டைபாய்டுக்கு வழக்கமாகக் கொடுக்கிற மருந்தை ஆரம்பித்தார்கள். நர்ஸ் உள்ளங்கையில் காப்சூலைப் பார்த்தேன். வெள்ளை உடம்பு, சாம்பல் தொப்பி. வாயைத் திறக்கவில்லை நான்.

நான்கு நாள். காய்ச்சல் ஒரு கோடுகூட இறங்கவில்லை. பகலில் ஓரகத்தி உட்கார்ந்திருப்பாள். நான் நடுநடுவே ஓடி ஓடி வந்து பார்ப்பேன். வரும்போதெல்லாம் பிள்ளையின் கை அவள் கைக்குள் இருக்கும்.

ஐந்தாம் நாள் காலை லேப் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். பஞ்சாபிப் பெண்மணி, என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். மேஜை மேல் ஒரு பிளேட். "உன் பெண்ணுடையது" என்றார்.

யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பொட்டுகள் சுற்றி வர இருந்தன. பார்த்த மட்டும் ஒன்றைச் சுற்றியும் வட்டமில்லை. ஆடை ஓரம் வரை கெட்டியாக ஏறியிருந்தது. ஒரே ஒரு பொட்டைச் சுற்றி மட்டும் அகலமாக, தெளிவாக ஒரு வட்டம்.

"இது எது, இது எது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் பெயர் சொன்னார்; பெயர் எனக்குப் புரியவில்லை. "அந்த மாத்திரை என்ன நிறம் மேடம்?" என்றேன். விநோதமாகப் பார்த்துவிட்டு நிறம் சொன்னார். வெள்ளையும் சாம்பலும். கறுப்பும் சிவப்பும். பெரிய வெள்ளை. நான் கொடுத்த வரிசையிலேயே வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டப்பா, மூன்று நாள் கணக்கு, வார்டில் சொன்ன பொய், எல்லாம்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அம்மா, நீ பாத்திரம் கழுவுகிறவள். முதல் தண்ணீரில் எது போகும்?" என்று கேட்டார்.

"லேசான அழுக்கு."

"அடிப்பிடித்தது?"

"அது நிக்கும். தேய்க்கணும்."

"மருந்தும் அப்படித்தான். மூன்று நாளில் சாகிறது லேசான கிருமி. காய்ச்சல் விடும். கெட்டியானது கொஞ்சம் மிச்சம் இருக்கும். நீ நிறுத்தினால் இடமெல்லாம் அதற்குத்தான். அது பெருகும், பெருகுவதெல்லாம் அதே கெட்டி."

பிறகு இன்னொன்று சொன்னார். மருந்தை ஏமாற்றும் வித்தை ஒரு கிருமிக்குத் தெரிந்தால், அது பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமிக்கும் அந்த வித்தையைக் கொடுத்துவிடுமாம். தன் இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லையாம். வயிற்றில் சும்மா கிடக்கிற கிருமிகூட டைபாய்டுக் கிருமிக்குக் கற்றுக்கொடுக்குமாம். மூன்று நான்கு மருந்துக்கான வித்தை ஒரே மூட்டையாகக் கைமாறுமாம்.

எனக்கு எங்கள் வரிசைதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வீடு டப்பா போய் வந்த மாதிரி. இன்னொன்றும் நினைத்தேன். அந்தக் கண்ணுக்குத் தெரியாத சனியனுக்கு இருக்கிற மனசு எனக்கு இல்லை. என் ஓரகத்திக்கு சாம்பார்ப்பொடி அளவைக்கூட நான் சரியாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. மல்லியை எப்போதும் ஒரு பிடி குறைத்தே சொன்னேன்.

"என் டப்பாதான் செஞ்சுதா மேடம்?"

"தெரியாது. ஏற்கெனவே கெட்டியான கிருமியே தண்ணீர் வழியாக உன் பெண்ணுக்கு வந்திருக்கலாம். டில்லியில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு டப்பா இருக்கிறது. டாக்டர்கள் நாங்களும் கண்டதற்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறோம். ஆனால் நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நான்கு நாள் மிச்சமாகியிருக்கும்."

வட்டம் விழுந்த மருந்து அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது. வளரும் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று வார்டு டாக்டர் யோசித்தார். வேறு வழியில்லை என்று ஆரம்பித்தார். நான்கு நாளில் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. பிள்ளை ரசம் சாதம் கேட்டாள். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும்போது டாக்டர், "இன்னும் பத்து நாள் மாத்திரை இருக்கிறது. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. யார் கொடுப்பீர்கள்?" என்று கேட்டார்.

நானும் ஓரகத்தியும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். என் மகள் என்னைப் பார்த்தாள், பிறகு, "சித்தி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மாத்திரைப் பொட்டலத்தை நானே எடுத்து அவள் கையில் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கனமான சாமானை நான் தூக்கியதில்லை.

காலையும் சாயங்காலமும் மாடியிலிருந்து இறங்கி வருவாள். மாத்திரை கொடுத்துவிட்டு சமையலறைக் காலண்டரில் ஒரு கோடு போடுவாள். இரண்டு மூன்று நாளிலேயே மகள் எழுந்து ஓடியாட ஆரம்பித்துவிட்டாள். "போதும் புள்ள, நல்லாத்தானே இருக்கா?" என்று என் நாக்கு நுனி வரை வந்தது. மிச்சத்தை எடுத்து வைக்க என் கை தானாக ஊறியது, பழக்கம் அது. ஓரகத்தி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாள். "அக்கா, நீங்க அந்தப் பக்கம் போங்க" என்றாள். போனேன்.

கடைசி நாள் அவள் படியிறங்கி வந்து, "அக்கா, கடைசி மாத்திர. நீங்க குடுங்க" என்று நீட்டினாள்.

பிச்சை போடுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும் வாங்கினேன். மகள் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டிச் சிரித்தாள். கோடு போடும் பென்சிலையும் ஓரகத்தி என்னிடமே கொடுத்தாள். அவள் போட்டதெல்லாம் நேர்கோடு. என்னுடையது கோணல்.

டப்பாவில் இருந்ததை எல்லாம் லேபுக்கு எடுத்துப் போய் டாக்டரம்மாவிடம் கொட்டினேன். வரிசைப் பெண்கள் கேட்டபோது, இனிமேல் இங்கே மாத்திரை இல்லை, கொடுத்ததை முழுசாகச் சாப்பிடுங்கள் என்றேன். "ஓரகத்தி சொல்லிக் குடுத்தாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். எந்தக் கிருமி, எந்த வட்டம், எல்லாம் நான் கண்ணால் பார்த்துச் சொன்னது. பெயர் அவளுக்குப் போனது.

இப்போதும் என் மகளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் போன் சித்திக்குத்தான். எனக்கு இரண்டாவது. சாம்பார்ப்பொடிக்கு மல்லி அளவை அந்த வருஷமே ஓரகத்திக்குச் சரியாகச் சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் இறங்கி வந்தேன். பிறகு ஒருநாள், "அக்கா, அந்தக் காலி டப்பா சும்மாத்தானே இருக்கு, ஊசி நூல் போட்டுக்கறேன், குடுங்களேன்" என்று கேட்டாள்.

கொடுக்கவில்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, காலியாக.